சமையலறையில் ஒரு பெஞ்சு போடணும்!

வீட்டுக்குள் மரவேலை செய்து கொடுக்கிறவர்களுக்குச் சுவர் ஒத்துழைக்கும், பலகை ஒத்துழைக்கும், உட்காரப் போகிற ஆள் மட்டும் ஒத்துழைக்கவே மாட்டார்.

காஞ்சிபுரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களுக்கும் இப்போது ஒரு புது ஆசை வந்திருக்கிறது. சமையலறை ஓரத்தில், சுவரோடு சேர்த்து ஒரு பெஞ்சு அடித்து, முன்னால் மேஜை போட்டு, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நாற்காலி இழுக்கும் சத்தம் கிடையாது. இடமும் மிச்சம். பெஞ்சுக்கு அடியில் சாமானும் வைத்துக்கொள்ளலாம். அளவெடுத்து வரைந்து கொடுப்பது நான். பெயர் எஸ்தர். அறுத்து, இழைத்து, பொருத்துவது தணிகாசலம் அண்ணன். என்னைவிட வயதில் மூத்தவர். நான் லேப்டாப்பில் காட்டும் படத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார்.

வீட்டில் ஒருமுறையாவது மரவேலை வைத்தவர்கள், தூசிக்கு நடுவே தோசை சுட்டவர்கள், "நாளைக்கு முடிஞ்சிடும்" என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

வெள்ளை மெத்தை

புனிதாவும் அவள் கணவரும் வங்கியில் வேலை பார்க்கிறவர்கள். புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்பே புனிதா என்னைக் கூப்பிட்டுக் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். வெள்ளைச் சுவர், வெள்ளை பெஞ்சு, அதன்மேல் வெள்ளை மெத்தை. மேஜை நடுவில் ஒரு கிண்ணத்தில் பச்சை ஆப்பிள். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. "இதே மாதிரி வேணும்க்கா, அப்படியே" என்றாள். "பனியும் இவங்களே போட்டுக் குடுப்பாங்களா, கேளு" என்றார் கணவர்.

மஞ்சள் கறை போகாது, சாம்பார் வாசனை துணியில் ஊறிவிடும், உங்கள் வீட்டில் இரண்டு வாண்டுகள் இருக்கிறார்கள் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். "நாங்க பாத்து சாப்பிடுவோம்க்கா" என்று ஒரே பிடியாக நின்றாள். தணிகை அண்ணன் கைப்பேசியைக் கேட்டு வாங்கினார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, மூலை மூலையாகப் பார்த்தார். பலகை எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார் போல என்று நானும் பேசாமல் நின்றேன். இன்றைக்கு அந்த வீட்டில் இருப்பது கறை தெரியாத மாந்துளிர்ச் சிவப்பு ரெக்சின் மெத்தை. அந்த முடிவுக்குக் காரணம், அண்ணன் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தபோது மிகவும் மரியாதையாகச் சொன்னதுதான்.

"நல்லா இருக்குதும்மா. இந்தப் படத்துல இருக்கிற வீட்டுக்காரங்க ரசம் ஊத்திக்கினு சாப்பிட்டப்புறம் எடுத்த போட்டோ இருந்தா காட்டுங்க, அதைப் பாத்து செஞ்சிடலாம்."

காலுக்கு லீவு

பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரம் ஐயா வீடு. கூடத்தில் தறி, பின்னால் சமையலறை. கணவனும் மனைவியும் சேர்ந்து நெய்கிறவர்கள். மகனுக்குப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் சமையலறையைச் சரிசெய்துவிட வேண்டும் என்பது அவர் மனைவி செல்வியம்மாவின் உத்தரவு.

பலகை அறுப்பதற்கு முன் நாங்கள் எப்போதும் ஒரு ஒத்திகை வைப்போம். செங்கல் அடுக்கி அதன்மேல் பலகை போட்டு, வீட்டார் எல்லாரையும் உட்காரச் சொல்லி, தட்டும் வைத்துப் பார்ப்போம். எல்லாரும் ஒழுங்காகக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார்கள். ஏகாம்பரம் ஐயாவும் உட்கார்ந்தார். ஒரு வாய் காப்பி குடித்தார். இரண்டு காலும் மேலே ஏறிச் சம்மணம் போட்டுக்கொண்டன. முட்டி மேஜையில் இடித்துத் தட்டு குதித்தது. "காலைக் கீழே விட்டுக்கோங்க ஐயா" என்றேன். விட்டார். பெண் வீட்டாரைப் பற்றிப் பேச்சு வந்தது, கால் மேலே போனது. மறுபடி சொன்னேன், மறுபடி விட்டார். பந்தல்காரர் பேச்சு வந்தது, மறுபடி மேலே. செல்வியம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கடைசியில் வழக்கமான ஒன்றரை அடி அகலத்தை இரண்டடிக்கு மேலாக்கி, மேஜையையும் தள்ளிப் போட்டேன். "எல்லாரும் காலைத் தொங்கத்தானே போடறாங்க, உங்களுக்கு மட்டும் என்ன ஐயா?" என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலுக்குப் பிறகு எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

"பொழுதெல்லாம் தறிக்குழியில காலைத் தொங்கப் போட்டுக்கினு கிடக்கிறேன். சோறு துன்ற நேரத்துலயாவது அதுக்கு ஒரு லீவு குடும்மா."

வெங்காயத்துக்கு ஒரு வீடு

திருப்பருத்திக்குன்றத்தில் பத்மாவதி டீச்சர் வீட்டு வேலை எங்கள் இரண்டு பேருக்குமே பிடித்திருந்தது. சமண நயினார் குடும்பம். இருட்டுவதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். அதனால் பெஞ்சு மேற்கு ஜன்னலைப் பார்த்து இருக்க வேண்டும், வெளிச்சம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று உட்கார்ந்தபடியே தெரிய வேண்டும் என்றார் டீச்சர். மொத்தப் படத்தையும் திருப்பிப் போட்டு வரைந்தேன்.

டீச்சர் வேளாவேளைக்கு மோர் கொடுத்ததில் தணிகை அண்ணன் மனம் குளிர்ந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் பெஞ்சுக்கு அடியில் தன் அன்பளிப்பாக ஒரு அறை செய்தார். கதவு முழுக்கக் காற்று போகும் ஓட்டை. அந்த ஓட்டைகளையும் சும்மா போடாமல் ஒரு பூ மாதிரி போட்டிருந்தார். சாவி கொடுக்கிற நாளில் முழங்கால் போட்டு உட்கார்ந்து கதவைத் திறந்து காட்டினார். "இந்தப் பக்கம் வெங்காயம், அந்தப் பக்கம் உருளைக்கிழங்கு. அழுகவே அழுகாது டீச்சர்!"

டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அவர் கணவர் திடீரென்று ஜன்னல் பக்கம் திரும்பி மாமரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். மண்ணுக்கு அடியில் விளைகிற எதையும் அந்த வீட்டில் சாப்பிடுவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணனுக்கு இன்னும் உறைக்கவில்லை. காற்று எப்படிப் போகிறது என்று உள்ளே ஊதிக் காட்டிக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, டீச்சரின் மகள் ஓடிப் போய்த் தன் ஷட்டில் மட்டையையும் பந்து டப்பாவையும் கொண்டுவந்து அந்த அறைக்குள் வைத்து, "எனக்கு இது வேணும் மாமா" என்றாள். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்ணனைத் தேற்றினார்.

"வெங்காயத்துக்கு இவ்ளோ அழகா ஒரு வீடு கட்டியிருக்கீங்க. குடிவர வேண்டியவங்கதான் எங்க வாசப்படியே ஏற மாட்டாங்க."

கரையான் புகார்

கோபாலய்யா பட்டுச் சேலை வியாபாரி. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். உடம்பில் சர்க்கரை. அவருக்குச் செய்த பெஞ்சில் ஜன்னலோர மூலை அவருடைய இடம். பேப்பரை முழுக்கப் படிக்காமல் அங்கிருந்து எழுந்திருக்க மாட்டார்.

அளவெடுத்த அன்று அவர் மனைவி சுசீலம்மா என்னைத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போய் ரகசியமாகக் கேட்டார். பேரப்பிள்ளைகளுக்கு இனிப்பு வைக்க ஒரு இடம் வேண்டும், அது அவர் கண்ணில் படக் கூடாது. பரணில் வைக்கலாமா என்றேன். "பரணெல்லாம் ஏறிப் பாத்துட்டாரும்மா" என்றார். அவரே யோசனையும் சொன்னார். கணவர் உட்காருகிற இடத்துக்கு நேர் கீழே ஒரு பெட்டி. முன்பக்கம் டிராயர் வேண்டாம், மேலே மூடி. அவர் எழுந்தால்தான் திறக்க முடியும். கடைக்குப் போனதும் திறந்துகொள்ளலாம். பெட்டி எதற்கென்று அண்ணனிடம்கூட நான் சொல்லவில்லை.

ரொம்ப நாள் கழித்துக் கோபாலய்யாவிடமிருந்து கோபமாக ஒரு போன். பெஞ்சில் கரையான் வந்துவிட்டதாம், இதுதான் உங்கள் பலகையின் லட்சணமா என்று. பலகைமேல் பழி வந்தால் தணிகை அண்ணன் தாங்க மாட்டார். போட்ட சட்டையோடு கிளம்பிவிட்டார். போய்ப் பார்த்தால் சுவரோரமாக வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தது எறும்பு. அண்ணன் முகத்தில் உயிர் வந்தது. "கரையான் இல்லீங்க, எறும்புதான்!" என்று சந்தோஷத்தில் மூடியைத் தூக்கிவிட்டார். நான் கண் ஜாடை காட்டியதெல்லாம் வீண். உள்ளே பளபளவென்று எவர்சில்வர் டப்பாக்கள். ஒன்றில் லட்டு, ஒன்றில் மைசூர்பாகு, மூடி சரியாக மூடாத ஒன்றில் அதிரசம். சுசீலம்மா மின்விசிறியைப் பார்த்தார். நான் டேப்பை எடுத்து எதையோ அளந்தேன். கோபாலய்யா டப்பாக்களைப் பார்த்தார், தன் இடத்தைப் பார்த்தார், மறுபடி டப்பாக்களைப் பார்த்தார்.

"சக்கரை இல்லாத காப்பியைக் குடிச்சுக்கினு நான் உக்காந்திருந்தது லட்டு டப்பா மேலயா!"

தெருவில் போட்ட பெஞ்சு

வைகாசி உற்சவம். சாமி பார்க்க ஆரணியிலிருந்து உறவுக்காரர்கள் வருகிறார்கள், அதற்குள் பெஞ்சு வந்துவிட வேண்டும் என்று கலா என்கிற வாடிக்கையாளர் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார். நீளமான இருக்கையைப் பட்டறையிலேயே முடித்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால், தெருமுனையில் போலீஸ் தடுப்பு. சாமி வரப்போகிறது, வண்டி உள்ளே போகக் கூடாது. அண்ணனும் அவர் மைத்துனரும் பெஞ்சைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். நான் முன்னால் போய் "வழி, வழி" என்று கத்தினேன். பாதித் தெரு போவதற்குள் மேளச் சத்தம் நெருங்கிவிட்டது. ஓரமாக ஒரு கடை வாசலில் பெஞ்சை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டோம்.

கண்ணைத் திறந்து திரும்பினால் பெஞ்சு நிரம்பியிருந்தது. வயசான பெண்கள், பட்டுப்புடவை, கையில் விசிறி, மடியில் பிரசாதம். யாரை எழுந்திருக்கச் சொல்வது? கலா போன்மேல் போன் போட்டார். கடைசியில் அவரே தேடிக்கொண்டு வந்தார். பெஞ்சைப் பார்த்தார், அதில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். நடுவில் சாய்ந்துகொண்டு, காலாட்டிக்கொண்டிருந்தவர் அவருடைய மாமியார். சுற்றிலும் ஆரணிக் கூட்டம். பஸ்ஸை விட்டு இறங்கி நேராகச் சாமி பார்க்க வந்தவர்கள், நல்ல இடம் கிடைத்தது என்று உட்கார்ந்திருக்கிறார்கள். மாமியார் மருமகளைக் கண்டதும் பலகையைத் தட்டிக் காட்டினார்.

"வாம்மா கலா. பாரு, எவ்ளோ சவுரியமா இருக்குது. இந்த மாதிரி ஒண்ணு உன் வீட்லயும் போட்டுக்கலாமில்ல?"

எத்தனை பேர்?

எந்த வீட்டுக்குப் போனாலும் என் முதல் கேள்வி, "எத்தனை பேர் உட்காரணும்?" பல வீடுகளில் பதில் ஒன்று குறைவாகத்தான் வரும். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் சேகர் வீட்டிலும் அப்படித்தான் வந்தது. பழுதான மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். விரலை மடக்கிச் சொன்னார்: "அப்பா, நானு, பொண்ணு, பையன். நாலு பேரு."

அவர் மனைவி மேகலா அடுப்புப் பக்கம் நின்று தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பக்கூட இல்லை. "நீங்க?" என்று கேட்டேன். "நான் எங்க உக்காரப் போறேன்? பரிமாற வேணாமா?" என்றாள், ஏதோ நான் புரியாமல் கேட்டுவிட்ட மாதிரி. பிளஸ் டூ படிக்கிற மகள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா எப்பவுமே நாங்க எழுந்தப்புறம் நின்னுக்கினேதான் சாப்பிடுவாங்க ஆன்ட்டி." சேகர் மடக்கிய விரல்களைப் பார்த்தார். இத்தனை வருஷம் கண்ணெதிரே நடந்தும் அது அவர் கண்ணில் படவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அஞ்சு போட்டுக்கோங்கம்மா" என்றார் மெதுவாக.

அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று அடுப்புக்குப் பக்கத்து ஓரத்தை மேகலாவின் இடமாக வரைந்துகொண்டு போனேன். கை நீட்டினால் பாத்திரம் எட்டும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு சுவர் மூலையில், எல்லாருக்கும் உள்ளே இருந்த இடத்தைத் தொட்டாள். "இங்க உக்காந்தா வெளிய வர்றது கஷ்டமில்ல?" "ஆமா, பக்கத்துல இருக்கிறவங்க எல்லாரும் எழுந்தாத்தான் வர முடியும்" என்றேன். "அப்ப இதான் என் இடம். அடுப்பு பக்கத்துல அவரு உக்காரட்டும்."

வேலை முடிந்த அன்று எங்களையும் சாப்பிடச் சொன்னார்கள். மேகலா மூலையில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தாள். சுற்றிலும் நாங்கள். உப்பு கேட்டால் சேகர் எழுந்தார், தண்ணீர் கேட்டால் சேகர் எழுந்தார், அப்பளம் அவர் கையாலேயே வந்தது, கொஞ்சம் கருகி. மாமனார் சிரித்துக்கொண்டே இருந்தார். அடுப்பிலிருந்து இறக்கிய ரசத்தைச் சேகர் ஒரு டம்ளரில் ஊற்றி, மேஜைக்கு மேலாகக் கையை நீட்டி மேகலாவிடம் கொடுத்தார். அவள் ஊதி ஊதிக் குடித்தாள். பிறகு எல்லாரையும் பார்த்தாள்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து என் ரசம் நல்லா இருக்குதுன்னு எல்லாரும் சொல்றீங்க. இன்னிக்குத்தான் சூடா குடிச்சுப் பாக்கிறேன். நெஜமாவே நல்லாத்தான் இருக்குது."

வளைகாப்பு

சின்ன காஞ்சிபுரத்தில் விஜயாம்மா வீட்டுச் சமையலறையில் மூன்று பக்கச் சுவரையும் ஒட்டி பெஞ்சு. நடுவில் மேஜை. அந்த மேஜையைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும் என்று விஜயாம்மா பிடிவாதம் பிடித்தார். நகர்கிற மாதிரி விடுங்கள், ஆளுக்குத் தகுந்த மாதிரி தள்ளிக்கொள்ளலாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "ஆடற மேஜையில எனக்கு எலையே போட முடியாதும்மா" என்று முடித்துவிட்டார். தணிகை அண்ணனும் மனசாட்சிப்படி இறுக்கிவிட்டார்.

அவர் மகள் தீபாவுக்கு ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. எங்களையும் அழைத்திருந்தார்கள். வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, பாட்டுப் பாடி முடித்து, பெண்கள் எல்லாரும் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தோம். நாயகி நடுவில்தான் உட்கார வேண்டும் என்று எல்லாரும் சொல்ல, தீபா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து நடுவில் போய்ச் சேர்ந்தாள். எலுமிச்சை சாதம், புளிசாதம், தேங்காய் சாதம். வளையல் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. புளிசாதத்தைப் பாதி சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று கவளத்தை இலையில் போட்டாள். பக்கத்தில் இருந்த என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அக்கா, வலிக்குது."

அடுத்த நிமிஷம் இரண்டு பக்கமும் பெஞ்சு காலியானது. ஆனால் தீபாவால் நகர முடியவில்லை. சிரித்துக்கொண்டு உள்ளே போன வயிறு, வலியோடு வெளியே வர மறுத்தது. பின்னால் சாய்மானம், முன்னால் அசையாத மேஜை. ஒருத்தி வண்டி கூப்பிட ஓடினாள், ஒருத்தி விபூதி எடுக்க ஓடினாள், விஜயாம்மா மேஜையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே அழுதார். "அண்ணே!" என்று ஒரு சத்தம் போட்டேன்.

கூடத்தில் ஆண்கள் பந்தியில் இருந்த தணிகை அண்ணன் சோற்றுக் கையோடு வந்து பார்த்தார், ஓடிப் போய்த் தன் வண்டிச் சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்தார். விசேஷங்களுக்கென்று வைத்திருக்கிற பட்டு வேட்டியோடு மேஜைக்கு அடியில் படுத்துவிட்டார். தரை துடைத்துத் துடைத்துப் போல்ட் துருப்பிடித்திருந்தது. நான் கைப்பேசி வெளிச்சம் காட்டினேன். "தோ ஆச்சு பாப்பா, மூச்சை மெதுவா விடு" என்று கீழேயிருந்து அவர் குரல். வலி கொஞ்சம் விட்ட நேரத்தில் தீபா, "நல்லாத்தான் டைட் பண்ணியிருக்கீங்கண்ணா" என்றாள். அழுதுகொண்டிருந்த விஜயாம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசி போல்டும் கழன்றது. இலைகளும் பாயசமுமாக மேஜையைப் பெண்கள் அப்படியே தூக்கி ஓரம் வைத்தார்கள். தீபா என் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டிவரை நடந்தே போனாள்.

சாயங்காலம் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். மேஜை இப்போது போல்ட் இல்லாமல்தான் இருக்கிறது. விஜயாம்மா ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அண்ணனோடு குழந்தையைப் பார்க்கப் போனபோது, அது தணிகை அண்ணனின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். தீபா மகளைப் பெருமையோடு பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"வெளிய வர்றதுக்கு முன்னாடியே ஒரு மேஜையைக் கழட்ட வெச்சுட்டா. இவ கண்டிப்பா உங்க தொழிலுக்குத்தான்க்கா வருவா."

இப்படி ஊரில் இத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிட இடம் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிற நானும் தணிகை அண்ணனும் இன்றைக்கு மத்தியானமும் ஒரு பாதி முடிந்த சமையலறையில், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்துதான் தயிர்சாதம் சாப்பிட்டோம்.